வடிகால் வழியே, ஏழு மணிக்குள்

புளிக்காய்ச்சலில் நல்லெண்ணெய் பிரிந்து வரும் வாசனையும் சன்னல் வழியே வரும் கருவாட்டு வாசனையும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்க, விடிவதற்கு முன்பே கண்விழித்த பதினைந்து நாட்கள் என் வாழ்க்கையில் உண்டு. எனக்கு அப்போது பதின்மூன்று வயது, தங்கைக்கு எட்டு. அம்மாவின் கல்லூரித் தோழி ராஜேஸ்வரி டீச்சர் கோடை விடுமுறைக்கு மாமியார் ஊருக்குப் போகும்போது, "பூட்டிப் போட்டா உப்புக்காத்து தின்னுடும், நீ வந்து இரு" என்று தன் தரங்கம்பாடி வீட்டுச் சாவியை அம்மாவிடம் கொடுத்திருந்தார். அந்த வீட்டில் நாங்கள் மூன்று பேர் மட்டும் இருந்தோம்.

எங்கள் சொந்த வீடு நன்னிலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருந்தது. அப்பா சிங்கப்பூரில் வேலை பார்த்ததால் நிலத்தையும் வீட்டையும் பார்த்துக்கொண்டது அவருடைய அண்ணன், எங்கள் பெரியப்பா. அவர் கெட்டவர் இல்லை, பயந்த மனிதர். அம்மா கடைத்தெருவுக்குப் போவதென்றால்கூட அவரிடம் "போயிட்டு வரட்டுங்களா" என்று கேட்க வேண்டும், துணைக்கு ஒரு ஆள் போக வேண்டும். வரலாற்றில் முதல் வகுப்பில் தேறியவள், ஒன்றிரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கும் கோயில்களைப் புத்தகப் படத்தில்தான் பார்த்திருந்தாள். கல்யாணமாகிப் பதினான்கு வருடங்களில் அவள் தனியாக ஒரு பஸ்கூட ஏறியதில்லை என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருகிறது.

அப்பா சிங்கப்பூரிலிருந்து கெஞ்சிக் கூத்தாடிய பிறகுதான் பெரியப்பா சம்மதித்தார், அதற்கும் ஒரு நிபந்தனை போட்டார். "கடல் காத்து புள்ளைங்களுக்கு நல்லது, போயிட்டு வாங்க. ஆனா தெனம் ஏழு மணிக்கு டீச்சர் வீட்டுக்குப் போன் அடிப்பேன். எடுக்கலைன்னா மறுநா காலையில காரோட வந்து நிப்பேன். அப்புறம் இந்த மாதிரி பேச்சே இந்த வீட்டுல கெடையாது." அவர் சொன்னால் சொன்னதுதான்.

அம்மா கடலில் குளிக்கவா போனாள்? வந்த மறுநாளே கட்டுச்சோற்றை வாழையிலையில் மடித்து, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எங்களோடு பஸ் ஏறிவிட்டாள். எங்கள் கிராமத்துக்கு நாளைக்கு இரண்டே பஸ். தரங்கம்பாடியிலோ கடற்கரைச் சாலையில் வடக்கே ஒன்று தெற்கே ஒன்று என்று வந்துகொண்டே இருந்தன. திருக்கடையூர், காரைக்கால், நாகூர், திருவாரூர் என்று தினம் ஓர் ஊர் போய்விட்டு மாலை ஆறரைக்குள் திரும்பிவிடுவோம். ஏழு மணிக்கு போன் அடிக்கும். அம்மா அன்றைக்குப் போன ஊரின் பெயரை ஒளிக்காமல் சொல்வாள். மறுமுனையில் "ம்" என்ற ஒற்றைச் சத்தம் வரும். அந்த "ம்"முக்கு என்ன அர்த்தம் என்று நானும் தங்கையும் தினமும் மண்டையை உடைத்துக்கொள்வோம்.

எட்டாம் நாள் தாராசுரம். எல்லாவற்றிலும் தூரமான ஊர் அது, அம்மா கல்லூரி நாளிலிருந்து பார்க்க ஏங்கிய ஊரும் அதுதான். அங்கே கோயில் மண்டபத்தில் செதுக்கிய கல்தேரின் சக்கரத்தை ஓர் ஆரக்கால் விடாமல் விரலால் தடவிப் பார்த்துவிட்டு அம்மா அழுதாள், "என்னம்மா?" என்று நான் பதறியபோது "ஒண்ணுமில்லடி, சந்தோஷம்" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். திரும்ப நேரமானது அதனால் இல்லை. காலண்டரைப் பார்க்காமல் புறப்பட்டிருந்தோம், அன்றைக்கு நல்ல முகூர்த்த நாள். கும்பகோணத்தில் பட்டுப்புடவைக் கூட்டம் படிக்கட்டு வரை தொங்கிக்கொண்டிருந்த மூன்று பஸ்களை விட்டுவிட்டு நான்காவதில் ஒண்டிக்கொண்டு மாயவரம் வந்து சேர்ந்தபோது, நேர் பஸ் போய்விட்டிருந்தது. கிராமம் கிராமமாகப் புகுந்து புறப்படும் ஒரு டவுன் பஸ்தான் கிடைத்தது. அதுவும் ஐந்தே முக்காலுக்கு, பெயர்கூடத் தெரியாத ஓர் ஊரைத் தாண்டி, பெருமூச்சு விட்டு நின்றுவிட்டது.

"அடுத்த வண்டி ஏழு மணிக்கு மேலதாம்மா" என்றார் கண்டக்டர். "ரோட்டோட நடந்தா எட்டு கிலோமீட்டர். குறுக்கால விழுந்தா நாலுகூட இருக்காது. ஆனா எனக்கு அந்த வழி தெரியாதுங்க."

ஏழு மணிக்கு போன் அடிக்கும், யாரும் எடுக்க மாட்டார்கள், விடிந்தால் கார் வந்து நிற்கும். மீதி ஏழு நாட்கள் போய்விடும் என்பதைவிட, அம்மாவுக்கு இனி ஆயுசுக்கும் இது கிடையாது என்பதுதான் எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது. சாலையோரத்தில் ஒரு வாய்க்கால் கிழக்குப் பார்த்து ஓடியதைக் கண்டதும் நான் துள்ளினேன். "அம்மா, தண்ணியெல்லாம் கடலுக்குத்தானே போவும்? இது கரையோடயே போலாம்!" அம்மா செருப்பைக் கையில் எடுத்தாள், புடவையைத் தூக்கிச் செருகினாள், மூவரும் இறங்கி நடந்தோம்.

கோடையில் தண்ணீர் இல்லாத வாய்க்கால், உளுந்து அறுத்து முடிந்த வயல்கள். கால் மணி நேரம் நடந்திருப்போம். அகலமாக இருந்த வாய்க்கால் இரண்டாகப் பிரிந்து, மறுபடியும் பிரிந்து, கடைசியில் ஒரு முழ அகலத்துக்குச் சுருங்கி, யாரோ ஒருவருடைய வயலின் மூலையில் செத்துப்போயிற்று. எதிரே வரப்பு, அதற்கு அப்பால் வயல், அதற்கு அப்பாலும் வயல். தங்கை அழ ஆரம்பித்தாள்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். "வயக்காட்டுல பொறந்து வளர்ந்த எனக்கே புத்தி இப்படிப் போயிடுச்சே! வாய்க்கா வர்றது வயலுக்குடி. பாய்ச்சி முடிச்சா அதோட வேலை முடிஞ்சுது. கடலுக்குப் போறது வடிகால். அதைப் புடிக்கணும்." வாய்க்கால் வயலைவிட மேட்டில் வரும், வடிகால் வயலைவிடப் பள்ளத்தில் போகும், அவ்வளவுதான் சூட்சுமம். வயலின் தாழ்ந்த பக்கம் எது என்று வரப்பில் ஏறிப் பார்த்தாள், தங்கையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டாள், விறுவிறுவென்று நடந்தாள். இரண்டு வயல் தாண்டியதும் கருவை முட்கள் மண்டிய கரைகளுக்கு நடுவே, அடியில் கொஞ்சம் கறுப்புத் தண்ணீரோடு, கிடைத்தது வடிகால்.

அது போகப் போக அகன்றது. பக்கத்து வயல்களின் சிறு வடிகால்கள் ஒவ்வொன்றாக வந்து அதில் சேரச் சேர அம்மாவின் நடையும் வேகம் எடுத்தது. என் காலில் இரண்டு முள் ஏறின, பிடுங்கி எறிந்துவிட்டு ஓடினேன். ஓரிடத்தில் காற்று மாறி முகத்தில் ஈரம் அடித்தது. அடுத்து அலைச் சத்தம் கேட்டது. ஒரு பாலத்தடியில் மேலேறிப் பார்த்தால், எங்கள் தெரு முனை! நான் கத்திய கத்தலில் பெட்டிக்கடைக்காரர் வெளியே வந்துவிட்டார்.

அம்மா பூட்டைத் திறக்கும்போதே உள்ளே போன் அடித்துக்கொண்டிருந்தது. பாய்ந்து எடுத்தாள். நானும் தங்கையும் ஆளுக்கொரு பக்கம் காதை ஒட்டிக்கொண்டோம்.

"ஏம்மா இப்படி மூச்சு வாங்குது?" என்றார் பெரியப்பா.

சொல்லாதே என்று நான் கையை ஆட்டினேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டு, தாராசுரம், முகூர்த்தக் கூட்டம், நின்றுபோன பஸ், நடை என்று ஒன்று விடாமல் சொன்னாள். இந்த முறை "ம்" வரவில்லை. ஒரு கேள்வி வந்தது: "வாய்க்கா கரையில நடந்தீங்களா, வடிகா கரையிலயா?"

"மொதல்ல வாய்க்கா கரையிலதான் மாமா. அது வயல்ல போயி முட்டிக்கிச்சு. அப்புறம் வடிகாலைப் புடிச்சு வந்துட்டோம்."

பெரியப்பா சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது. "நம்ம வீட்டுப் பயலுவளா இருந்தா அந்த பஸ்சுலயே குந்திக்கிட்டு இருந்திருப்பானுவ" என்றார். பிறகு, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "சரி, நாளைக்கு எந்த ஊரு?" என்றார்.

"பூம்புகார்" என்றாள் அம்மா. போகட்டுங்களா என்று கேட்கவில்லை. மறுநாள் ஏழு மணிக்கு போன் அடிக்கவே இல்லை. நானும் தங்கையும் கூடத்தில் குதித்த குதியில் டீச்சர் வீட்டு ஓடு பெயராதது அதிசயம்.

டீச்சர் வீடு இப்போது இல்லை. அந்த இடத்தில் சுற்றுலாப் பயணிகளுக்கான தங்கும் விடுதி நிற்கிறது. பெரியப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். போன மாதம் சொல்லாமல் கொள்ளாமல் லீவு போட்டு ஊருக்குப் போனேன். வீடு பூட்டியிருந்தது. அடுத்த வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "உங்கம்மா காலையிலயே கெளம்பிட்டாங்களே. எங்கன்னு தெரியாது. நாங்க கேக்குறதும் இல்ல, அவங்க சொல்றதும் இல்ல" என்றார்.

கைபேசியை எடுத்தேன், உடனே பைக்குள் போட்டுவிட்டேன். வெயில் சாயும் வரை வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். அறுபது வயதில் என் அம்மா எங்கே இருக்கிறாள் என்று இந்த உலகத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.