ஓம் என்று சொல்லி மாட்டிக்கொண்டது

பெருந்தொற்றுக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களை மூன்று இரவு ஹோட்டலில் வைத்திருந்தார்கள். விமான நிலையத்தில் மூக்குக்குள் குச்சி விட்டு எடுத்ததன் முடிவு வந்து, நோய் இல்லை என்று கண்டால்தான் வீட்டுக்கு விடுவார்கள். வீட்டுக்குப் போன பிறகும் பதினாலு நாள் முடியும்வரை ஒதுங்கி இருக்கவேண்டும். அப்படி மொன்ட்ரியால் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், டோர்வலில் ஒரு ஹோட்டலில் நானும் இருந்தேன். எல்லாரும் மூன்று இரவு இருந்தார்கள், நான் நான்கு இரவு இருந்தேன். அதற்கு வேறு யாரையும் குறை சொல்ல முடியாது. என்னுடைய வாய்தான் காரணம்.

அம்மா விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததால் யாழ்ப்பாணம் போயிருந்தேன். மூன்று கிழமையில் திரும்புவதாகத்தான் எண்ணம். மகளுக்கு அப்போது எட்டாம் மாதம். தலைப்பிள்ளை என்றபடியால் அவள் மொன்ட்ரியால்-நோரில் எங்களுடைய வீட்டுக்கு வந்து இருந்தாள். கடவுள் கிருபையால் அம்மா எழும்பி நடக்கத் தொடங்கிவிட்டா. எனக்குத்தான் திரும்பி வர விமானம் கிடைக்கவில்லை. இரண்டு தரம் டிக்கெட்டை மாற்றினார்கள். அதற்கிடையில் பேரனும் அவசரப்பட்டு, சொன்ன நாளுக்கு இரண்டு கிழமை முந்திப் பிறந்துவிட்டான். மகள் வேதனைப்பட்ட நேரம் நான் அம்மாவுக்குக் கஞ்சி பருக்கிக்கொண்டு இருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஒரு மாதிரி இருக்கும்.

பிறந்த நேரம்தான் இல்லை, முப்பத்தோராம் நாளுக்காவது நிற்கவேண்டும் என்று பிள்ளையாரிடம் கேட்டுக்கொண்டேன். எங்கள் ஆட்களில் பிள்ளை பிறந்தால் வீட்டுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு. சாமி விளக்குக் கொளுத்துவதில்லை, கோயிலுக்குப் போவதில்லை. முப்பத்தோராம் நாள் வீடு கழுவி, பிள்ளைக்கு முழுகவார்த்து, பெயர் வைத்து, கழுத்தில் பஞ்சாயுதம் கட்டுவோம். ஐந்து ஆயுதம் பொறித்த சின்னப் பொன் தகடு அது. பிள்ளைக்குக் காவல் என்று நம்பிக்கை. எங்களுக்குத் தெரிந்த பத்தரிடம் சொல்லி நான் அதைச் செய்வித்து, கைலேஞ்சியில் முடிந்து, சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்தேன். பெட்டியில் வைக்கப் பயம்.

நான் வந்து இறங்கியது புதன்கிழமை. மூன்று இரவு கழித்தால் சனி. முப்பத்தோராம் நாள் ஞாயிறு. கணக்குச் சரியாகத்தான் இருந்தது. பேஸ்மென்டில் எனக்கென்று புறம்பாகக் கட்டில் போட்டு வைத்திருப்பதாகவும், படிக்கட்டில் நின்று பிள்ளையைப் பார்க்கலாம் என்றும் என்னுடைய இவர் சொல்லியிருந்தார்.

ஹோட்டல் அறை வசதியாகத்தான் இருந்தது. ஜன்னல் திறக்காது. ஜன்னலுக்கு வெளியே அழுக்குப்பட்டு உருகிக்கொண்டிருந்த பனி, வாகனங்கள் நிறுத்தும் இடம், அதற்கு அங்கால் நான் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்த சமையல்கூடத்தின் கூரை. விமானத்தில் கொடுக்கிற சாப்பாட்டை அங்கேதான் தட்டுகளில் அடுக்குவோம். விடிய முந்தி பஸ் எடுத்துப் போய், பாண், பட்டர், கரண்டி எல்லாம் அதது இருக்கவேண்டிய இடத்தில் வைத்து, மூடி, தள்ளுவண்டியில் ஏற்றுவது என் வேலை. இப்போது அதே மாதிரித் தட்டு என்னுடைய கதவடிக்கு வந்தது. கதவில் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். காலடிச் சத்தம் தேய்ந்த பிறகு திறந்து எடுக்கவேண்டும். வெள்ளிக்கிழமை நான் மச்சம் சாப்பிடுவதில்லை என்று சொல்லியிருந்தும், பாணுக்குள் வான்கோழி வந்தது. கோபம் வரவில்லை. சைவத் தட்டுக்கு ஒட்டவேண்டிய அடையாளத்தை வேறு தட்டுக்கு ஒட்டின நாட்கள் எனக்கும் உண்டு. அன்றைக்கு அப்பிளும் தேத்தண்ணியும் போதும் என்று இருந்துவிட்டேன்.

இவர் தொலைபேசியில் கேட்டார், அடைத்து வைத்திருக்கிறார்களே, பயமாக இருக்கிறதோ என்று. என்ன பயம், இது அரசாங்கத் துடக்கு, எங்களுக்குத் துடக்குக் காப்பது புதிதோ என்றேன். கையோடு கொண்டுவந்த பிள்ளையார் படத்தைத் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் சாத்தி வைத்திருந்தேன். விளக்கு இல்லை. காலையும் மாலையும் கண்ணை மூடித் தெரிந்த தேவாரத்தைச் சொல்லுவேன். முடிந்ததும், என்னால் அந்தப் பச்சைப் பிள்ளைக்கு ஒன்றும் வந்துவிடக்கூடாது என்று கேட்பேன். வீட்டுக்குப் போகவேண்டும் என்ற ஆசையும் இருந்தது, போய் நோயைக் கொடுத்துவிடுவேனோ என்ற பயமும் இருந்தது. அந்த முடிவு வந்தால் இரண்டுக்கும் மறுமொழி கிடைத்துவிடும்.

சனி காலையில் என்னோடு விமானத்தில் வந்தவர்கள் பெட்டிகளை உருட்டிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. பக்கத்து அறை திறந்தது. எதிர் அறையும் திறந்தது. எனக்கு மட்டும் ஒரு செய்தியும் இல்லை. நான் உடுப்பு மாற்றி, சப்பாத்தும் போட்டுக்கொண்டு கட்டில் நுனியில் இருந்தேன். மத்தியானம் தாண்டியும் ஒன்றும் வராததால், அறைத் தொலைபேசியை எடுத்துக் கீழே கூப்பிட்டேன்.

கீழே நின்றவர் ஒரு ஹெயிட்டிப் பெண். குரலிலேயே தெரிந்தது. எங்கள் தெருவில் பாதிப்பேர் அந்த ஆட்கள்தான். என்னுடைய பிரெஞ்சு போன்ஜூர், மெர்சி, அதற்குமேல் கொஞ்சம். சமையல்கூடத்தில் வரிசை முழுக்கத் தமிழ்ப் பெண்கள் நின்றதால் பிரெஞ்சு பழக ஒரு தேவையும் வரவில்லை. அவ என்னுடைய பெயரையும் பிறந்த திகதியையும் கேட்டா. பிறகு கனநேரம் கணினியில் தட்டுகிற சத்தம். பிறகு கொஞ்சம் தயங்கி ஒரு கேள்வி கேட்டா.

"வூ ஸெட் அன் ஓம், மதாம்?"

எனக்கு அதில் கடைசியில் வந்த 'ஓம்' மட்டும்தான் பிடிபட்டது. அட, இந்தப் பிள்ளை தமிழ் ஆட்களோடு பழகி, ஆமாம் என்பதற்கு எங்கட ஓம் சொல்லப் பழகிவிட்டா என்று எனக்குச் சரியான சந்தோஷம்.

"ஓம் ஓம்" என்றேன்.

பிறகு அவ மெதுவாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்லுவது போலத் திருப்பிக் கேட்டா. "ஓம்?"

"ஓம்" என்றேன் நானும், இன்னும் தெளிவாக.

அவவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, பாதி ஆங்கிலத்தில் விளக்கினா. ஓம் என்றால் ஆண், மிஸ்யே. ஃபாம் என்றால் பெண், மதாம். உங்களுடைய கடவுச்சீட்டில் பெண் என்று இருக்கிறது, பரிசோதனைத் தாளில் ஆண் என்று இருக்கிறது. அதனால் முடிவு உங்களோடு பொருந்தாமல் எங்கேயோ நிற்கிறது.

அப்போதுதான் எனக்கு எல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. விமான நிலையத்தில் மேசையில் இருந்த பெடியன் முகக்கவசத்துக்குள்ளால் பிரெஞ்சில் படபடவென்று கேட்டுக்கொண்டு போனான். எனக்குப் பயணக் களைப்பு. அவன் கேட்டதெல்லாவற்றுக்கும் தலையை ஆட்டி ஓம், ஓம் என்றேன். ஆணோ பெண்ணோ என்று கேட்ட இடத்திலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அவனும் என்னுடைய கம்பளித் தொப்பியையும் முகக்கவசத்தையும் பார்த்து, நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டான்.

வேலையிடத்துக் கழிவறைக் கதவில் அந்தச் சொல்லை எத்தனை வருடம் பார்த்தேன். எழுத்தைப் பார்த்து நான் அதை 'ஹொம்மஸ்' என்றுதான் மனதுக்குள் வாசித்துக்கொண்டு திரிந்தேன். அது வாயில் வரும்போது எங்கட ஓம் மாதிரியே வரும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்தப் பெண் நல்லவ. தானே அறிவிக்கவேண்டிய இடத்துக்கு அறிவிப்பதாகவும், ஆனால் சனி ஞாயிறில் கொஞ்சம் சுணங்கும் என்றும் சொன்னா. நன்றி சொல்லிவிட்டு வைத்தேன். சப்பாத்தைக் கழற்றினேன்.

வீட்டுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னபோது மகள் அந்தப் பக்கம் சிரித்த சிரிப்பில் பிள்ளை எழும்பிவிட்டது. இவர் சிரிக்காமல், "அப்ப இனி உம்மை நான் எப்பிடிக் கூப்பிடுறது, அண்ணை எண்டோ?" என்று கேட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது, கண்ணீரும் வந்தது. ஐயர் சொன்ன நேரம் ஞாயிறு காலை ஒன்பதுக்கும் பத்தரைக்கும் இடையில். எனக்காகப் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டாம், வீட்டில் இருக்கிற சங்கிலி ஒன்றைப் போட்டு நேரத்துக்குச் செய்யுங்கோ என்று சொன்னேன். இவர் சம்மதித்தமாதிரித்தான் கதைத்தார். மகள் தொலைபேசியை வாங்கினாள்.

"அம்மா, நீங்கள் பிள்ளைப்பேறுக்கும் இல்லை. இதுக்கும் இல்லாமல் நான் செய்யமாட்டன்."

அதில் கோபம் இருந்ததோ இல்லையோ எனக்குத் தெரியாது.

அன்றைக்குப் பின்னேரம் பிள்ளையார் படத்துக்கு முன்னால் இருந்து வாயைத் திறக்க, முதலில் வந்த சொல்லே ஓம்தான். சாமிக்குச் சொல்லுகிற சொல்லை இப்படி வழி தெருவெல்லாம் இறைத்துத் திரிந்தேனே என்று ஒரு நேரம் வெட்கமாக இருந்தது. பிறகு யோசித்தேன். கறிக்கு உப்புக் காணுமோ என்றாலும் ஓம், கடைக்குப் போறியோ என்றாலும் ஓம். யாழ்ப்பாணத்தில் ஒரு நாளில் எத்தனை வாயிலிருந்து அது வருகிறது. அதில் தனக்குச் சொன்னது எது என்று பிள்ளையாருக்குத் தெரியும்.

ஞாயிறு காலை ஒன்பதரை போனது. பத்தரையும் போனது. மகள் எடுத்து, வீடு கழுவியாகிவிட்டது, பிள்ளையையும் முழுகவார்த்தாகிவிட்டது, மிச்சத்துக்கு நாங்கள் பார்த்துக்கொண்டு இருக்கிறோம் என்றாள். நாலரைக்கு ராகுகாலம் தொடங்கிவிடும். அதற்கு முதல் நீங்கள் வந்தால் சரி என்று ஐயரே சொன்னாராம். கைலேஞ்சியை அவிழ்த்துத் தகட்டைப் பார்ப்பதும் முடிவதுமாக இருந்தேன்.

இரண்டேமுக்காலுக்கு அறைத் தொலைபேசி அடித்தது. அந்த ஹெயிட்டிப் பெண்தான்.

"மதாம்" என்று அழுத்திச் சொல்லிவிட்டுச் சிரித்தா. நோய் இல்லை. போகலாம்.

இவர் வந்து சேர மூன்றரை ஆகிவிட்டது. என்னைப் பின் இருக்கையில் இருக்கச் சொல்லி, நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டார். மார்ச் மாதக் குளிர் முகத்தில் அடிக்க, நாங்கள் வந்தோம். அவர் அடிக்கடி மணியைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

வீட்டின் பக்கவாசலால் நேரே பேஸ்மென்டுக்கு இறங்கினேன். கை கழுவி, ஒரு கிண்ணத்தில் மஞ்சள் கரைத்துத் தகட்டைக் கழுவினேன். கருப்பு நூலில் கோத்து, தட்டில் வைத்து, படிக்கட்டின் நடுப்படியில் வைத்துவிட்டுக் கீழே இறங்கி நின்றேன். வரும் வழியெல்லாம் என் கையால்தான் கட்டுவேன் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். முடிவு நல்லதாகத்தானே வந்திருக்கிறது, ஒரு நிமிடம் தொட்டால் என்ன என்று மனம் சொன்னது. இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது, ஒரு மாதப் பிள்ளை, பொறு என்றும் அதே மனம் சொன்னது. நான் படி ஏறவில்லை.

மகள் இறங்கி வந்து தட்டை எடுத்தாள். மஞ்சள் தண்ணீரில் கழுவியிருக்கிறேன் என்றேன். நல்லது என்று சொல்லிவிட்டு, சானிடைசர் போட்டு இன்னொரு தரம் துடைத்தாள்.

மேல்படியில் இவர் பேரனை மடியில் வைத்துக்கொண்டு இருக்க, மகள் நூலைக் கட்டினாள். பிறகு குனிந்து அவனுடைய காதுக்குள் பெயரை மூன்று தரம் சொன்னாள். மெல்லச் சொன்னபடியால் கீழே எனக்கு வடிவாகக் கேட்கவில்லை. முகமும் பாதிதான் தெரிந்தது, ஒரு கன்னமும் கொஞ்சம் தலைமயிரும்.

"பிள்ளை இஞ்சால பாக்கிறானோ?" என்று கேட்டேன்.

மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய நாளிலிருந்து நான் எது கேட்டாலும் 'வி' என்றுதான் சொல்லுவாள். பிரெஞ்சு ஓம் அது. அன்றைக்கு அவள் அவனை என் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு, "ஓம் அம்மா" என்றாள்.

"இஞ்ச பார், இன்னொரு ஆம்பிளை" என்றார் இவர், பேரனுக்கு என்னைக் காட்டி.

அடுப்பு மணிக்கூட்டில் நாலு இருபத்தைந்து என்று மகள் மேலிருந்து சொன்னாள்.