சூப்பர்வைசர் வெங்காயம் உரிச்ச ஞாயித்துக்கிழமை

ஹெப்பாள் ஃபேக்டரியில எனக்குப் பேக்கிங் லைன். அட்டைப்பெட்டி மடிக்கிறது, டேப் ஒட்டுறது, லேபிள் சரிபார்க்கிறது. அப்ப நான் கான்ட்ராக்ட். யாரைப் பர்மனென்ட் ஆக்கலாம்னு மேனேஜர் கேட்டா, பேர் சொல்றது எங்க சூப்பர்வைசர்தான். அதனால அவர் தும்மினாக்கூட நாங்க தண்ணி எடுத்துட்டு ஓடுவோம். புதுசா கம்பெனி பஸ் ஏறுற பிள்ளைங்களுக்கு இது நல்லாவே புரியும்.

அவருக்குச் சாமராஜநகர் பக்கம் ஊரு. எனக்கு அதே ஜில்லாவுல ஹனூர். ஒரு நாள் லைனுக்கு வந்து, ஞாயித்துக்கிழமை புது வீட்டுக்குக் கிரகப்பிரவேசம், லைன் பொம்பளைங்க எல்லாரும் முய்யாளா வந்து சமையல் வேலையைப் பார்த்துக்கணும்னு கன்னடத்துல தேனாட்டம் சொன்னார். சும்மா வேலைக்கு வாங்கன்னு சொல்லியிருந்தா எங்கள்ல பாதிப் பேருக்குக் காய்ச்சல் வந்திருக்கும்.

முய்யின்னா எங்க பக்கம் திருப்பிச் செய்யறது. இன்னைக்கு என் காட்டுல நீ களை எடுத்தா, நாளைக்கு உன் காட்டுல நான் எடுக்கோணும். கூலி கிடையாது. சோறு போட்டு அனுப்பிட்டா கணக்குத் தீராது. வேலைக்கு வேலைதான்.

போனோம். பொழுது சாயற வரைக்கும் வெங்காயம் உரிச்சோம், அண்டா கழுவினோம். ஆளுக்கொரு ஜாக்கெட் துணி கொடுத்து, ரொம்ப தேங்க்ஸ்மான்னார். மத்தவங்க அதோட மறந்துட்டாங்க. எனக்கு அந்த நல்ல பழக்கம் இல்லைங்க.

அடுத்த மாசம் என் மகளுக்குக் காதுகுத்து வெச்சேன். சூப்பர்வைசரை முய்யிக்குக் கூப்பிடப்போறேன்னதும் பக்கத்து மெஷின் சரோஜா என் கையைப் பிடிச்சுக்கிட்டா. "பர்மனென்ட் பண்ற நேரம்டி கனகு. வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இரு." எனக்கும் பயந்தான். வேலை போச்சுன்னா பொட்டியைக் கட்டிக்கிட்டு ஹனூர் பஸ் ஏற வேண்டியதுதான். ஆனா இந்த வாய் கேக்கணுமே.

மேனேஜர் லைனைப் பார்க்க வந்த நேரமாப் பார்த்து சூப்பர்வைசர்கிட்டப் போய் நின்னேன்.

"ஏனுங்க சார், ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்கு முய்யிக்கு வந்துருங்க. வெங்காயம் உரிக்க ஆளில்லீங்க."

என்ன முய்யின்னு மேனேஜர் கேட்டார். கிரகப்பிரவேசத்துல நாங்க செஞ்ச வேலையை அண்டா வரைக்கும் ரொம்ப மரியாதையா விளக்கினேன். சூப்பர்வைசருக்கு மூஞ்சி வெளுத்துப்போச்சு. மேனேஜர் சிரிப்பை அடக்கிக்கிட்டு, அப்ப போய்த்தானே ஆகணும்னார்.

வந்தார், இஸ்திரி போட்ட சட்டையோட. ஒரு கூடைச் சின்ன வெங்காயத்தை முன்னால வெச்சேன். மூக்கை உறிஞ்சிக்கிட்டே கடைசி வரைக்கும் உரிச்சார். எனக்கே பாவமாப் போச்சு. முடிச்சதும், தீந்துச்சா கனகம்மான்னு கேட்டார்.

"எனக்குத் தீந்துச்சுங்க சார். அடுத்த மாசம் சரோஜா வீட்டுல வளைகாப்பு."

அவர் கண்ணைத் துடைச்சுக்கிட்டுச் சுத்திப் பார்த்தார். லைன் மொத்தமும் அங்கதான் தேங்காய் துருவிக்கிட்டிருந்துச்சு. அவரும் சிரிச்சுட்டார். அன்னைக்கப்புறம் வீட்டு வேலைக்கு அவர் யாரையும் கூப்பிடலை.

பிள்ளைங்களா, நீங்களும் முய்யி கேக்கறதுக்குக் கூச்சப்படாதீங்க. அந்த வார்த்தையை முதல்ல எடுத்தது அவங்கதானே.

அந்த வருசமே நான் பர்மனென்ட். சூப்பர்வைசர் என் பேரைத்தான் முதல்ல சொன்னாராம். ஏன்னு கேட்டதுக்கு அவர் சொன்ன பதிலை மேனேஜரே பின்னால எங்கிட்டச் சொன்னார்: "இவளை இன்னும் கான்ட்ராக்ட்லயே இழுத்தடிச்சா, அதுக்கும் ஒரு நாள் முய்யி கேட்டு வந்து நிப்பா சார்."