ஆயில் ஃபில்டருக்கு ஓர் இடம்

அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பக்கத்துத் தெருவில்கூடத் தெரியாது. அரைச்சுத்து அக்கா என்றால் தெரியும். தையல் ஆலையில் வேலை பார்த்தபோது ஒட்டிக்கொண்ட பெயர். மெஷின் நின்றால் மெக்கானிக் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார அவளுக்குப் பொறுக்காது. மூடியைத் திறந்து, எந்தத் திருகை எவ்வளவு திருப்பினால் நூல் அறுவது நிற்கும் என்று தானாகவே பார்த்துப் பார்த்துப் பழகினாள். பக்கத்தில் இருப்பவள் திருப்புளியை எடுத்து மூச்சைப் பிடித்து இறுக்கும்போதெல்லாம், "அரைச்சுத்து போதும்டி, கழுத்தையா நெரிக்கற?" என்பாள். ஆலையை மூடினார்கள். பெயர் மட்டும் அவளோடு வந்துவிட்டது.

பிறகு அவள் பிடித்தது புல் வெட்டும் வேலை. யாரோ கழித்துப் போட்ட ஒரு குட்டி டிராக்டரை வாங்கிச் சரிசெய்தாள். மேலே ஒருவர் உட்கார்ந்து ஓட்டலாம். வயிற்றுக்கு அடியில் பிளேடுகள் சுழலும். அதை வைத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரியின் வளாகம் முழுவதையும் பல வருடமாக அவள்தான் வெட்டிவந்தாள். நோயாளிகள் நடக்கும் பாதையின் ஓரங்களை மட்டும் இறங்கிக் கையால் வெட்டுவாள். யாரும் கேட்டதில்லை; அவளுக்கு அப்படி இருந்தால்தான் பிடிக்கும்.

அந்த வண்டியின் எஞ்சின்தான் ஒரு நாள் புல்லுக்கு நடுவே பெருஞ்சத்தத்தோடு நின்றது. உள்ளே பிஸ்டன் தண்டு உடைந்து, எஞ்சினின் பக்கச்சுவரைக் குத்திக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது. அவள் பழைய இரும்புக் கடைகளில் அலைந்து ஒரு ஜெனரேட்டரின் எஞ்சினைக் கண்டுபிடித்து வருவதற்குள் புல் முழங்காலைத் தொட்டுவிட்டது. வளாகத்தின் மேற்பார்வையாளர் நல்ல மனிதர்தான். அவரும் எத்தனை நாள் பொறுப்பார்?

"வெள்ளிக்கிழமை காலையில நீங்க வண்டியோட வரணும்மா. வரலைன்னா வேற ஆளுக்குச் சொல்லிடுவேன். அப்புறம் என்மேல வருத்தப்படக் கூடாது."

எஞ்சின் வண்டியில் உட்கார்ந்தது. ஆனால் அதன் விலாவில் நீட்டிக்கொண்டிருந்த ஆயில் ஃபில்டர், ஸ்டியரிங்கை இடது பக்கம் திருப்பினால் அதன் கம்பியில் இடித்தது.

"இடது பக்கம் திரும்பாமலே ஓட்டுங்க அண்ணி," என்றான் கொழுந்தன். வாடகைக் கார் ஓட்டுபவன். சவாரி இல்லாத நேரமெல்லாம் அண்ணியின் கொட்டகையில்தான் கிடப்பான். "வலது பக்கமா மூணு தடவை திரும்புனா இடது பக்கம் வந்துடும்."

"உன் காரை அப்படி ஓட்டித்தான் பெட்ரோல் பத்தலையா?"

குட்டையான ஃபில்டர் ஒன்றை வைத்துப் பார்த்தாள். விரல்கடை இடைவெளி கிடைத்தது. எஞ்சின் ஓடும்போது அதிரும். அந்த இடைவெளி காணாமல் போய்விடும். ஃபில்டரை அங்கிருந்து கிளப்பித் தள்ளி வைப்பதுதான் வழி என்று முடிவு செய்தாள். அதற்கென்று, ஃபில்டரைத் திருகி மாட்ட, ஒரு தாங்கி உண்டு. எஞ்சினிலிருந்து ஒரு ஹோஸ் குழாய் எண்ணெயை அதற்குக் கொண்டுவரும், இன்னொன்று திருப்பிக் கொண்டுபோகும். கொழுந்தன் ஒரு பழைய லாரியிலிருந்து அப்படி ஒன்றைத் தேடி எடுத்து, அதிலிருந்த துருப்பிடித்த ஃபில்டரை அங்கேயே கழற்றி வீசிவிட்டு, தாங்கியை மட்டும் கொண்டுவந்தான்.

அதை எங்கே வைப்பது என்று ஒரு மதியம் முழுக்க வண்டியைச் சுற்றிவந்தாள். புகைக்குழாய்ப் பக்கம் சூடு. பெல்ட் பக்கம் ஹோஸ் உரசும். கடைசியில் சட்டத்தின் வலது புறம், ஃபில்டர் நேராக நிற்கிற மாதிரி ஓர் இடம் அமைந்தது. சட்டத்தில் துளை போட அவள் உட்கார்ந்தபோது, தாங்கி அவள் புருஷன் கையில் இருந்தது.

அவர் பெயிண்டர். வீடுகளுக்கு அடிப்பவர். பிரஷ் கையில் இருந்தால் எதையும் விட்டுவைக்க மாட்டார். ஒருமுறை வாசல் கதவோடு சேர்த்துத் தாழ்ப்பாளுக்கும் அடித்து, அது இறுகிக்கொண்டு, குடும்பமே ஜன்னல் வழியாக இறங்க வேண்டியிருந்தது. எஞ்சினுக்கு ஏற்கெனவே சாம்பல் நிறம் அடித்து முடித்திருந்தார். அன்று தாங்கிக்கும் அதே நிறத்தை அடித்து, வெயிலில் காயவைத்து, துணியில் ஏந்திக்கொண்டு வந்து நீட்டினார்.

அவள் திருப்பிப் பார்த்தாள். ஃபில்டரின் ரப்பர் போய் ஒட்டும் வட்டத்துக்கும் பெயிண்ட். அங்கே இரும்பு வெறுமையாக இருக்க வேண்டும். வேறு யாராவது செய்திருந்தால் அந்த இடத்திலேயே நாலு வார்த்தை கேட்டு, சுரண்டி எடுத்திருப்பாள். அவரோ வேலைக்கும் போகாமல் காலையிலிருந்து இதோடு மல்லுக்கட்டியவர். பரிசு வாங்க நிற்பவர் மாதிரி நின்றார்.

"நல்லா இருக்குங்க," என்றாள்.

விரலால் ஒரு சுற்றுத் தடவினாள். வழுவழுவென்று இருந்தது. ஓரத்தில் லேசாக ஒரு மேடு. இரும்பு வார்ப்பே அப்படித்தான் போலிருக்கிறது என்று விட்டுவிட்டாள். புது ஃபில்டரில் எண்ணெய் நிரப்பி, ரப்பரில் எண்ணெய் தடவி, தாங்கியில் திருகினாள். ரப்பர் தொட்டதும் கையாலேயே முக்கால் சுற்று.

"பேரு கெட்டுப்போகுதே அண்ணி. அரைச்சுத்து இல்லையா?"

"இதுக்கு முக்கால். மூடிக்கிட்டு சாவியப் போடு."

வியாழக்கிழமை பிற்பகல் எஞ்சின் முதல் தடவையிலேயே பிடித்துக்கொண்டது. சீராக ஓடியது. புருஷன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பெருமையாகப் பார்த்தார். அவள் வேகத்தைக் கூட்டினாள். ஃபில்டரின் கழுத்திலிருந்து எண்ணெய் விசிறியடித்தது. கொழுந்தனின் சட்டையில் பாதி நிறம் மாறியது. அவள் கை சாவிக்குப் போய் எஞ்சினை அணைத்தபோது தரையில் எண்ணெய் ஓடியிருந்தது.

"டைட் பத்தலை. செயின் ஸ்பானர் கொண்டாறேன்," என்றான் கொழுந்தன்.

"தொடாதே."

எஞ்சினைத் தட்டி, காதை வைத்துக் கேட்டு, கையால் ஒரு சுற்றுச் சுழற்றிப் பார்த்தாள். தடையில்லாமல் சுழன்றது. கெட்டுப்போகவில்லை. அதன்பிறகுதான் ஃபில்டரைக் கழற்றினாள். புது ரப்பர் முழுசாக இருந்தது. தாங்கியின் வட்டத்தை மறுபடி விரலால் தடவினாள். அதே வழுவழுப்பு. இம்முறை அந்த மேட்டில் நகத்தை ஊன்றினாள். நகம் இறங்கியது.

இரும்பு நகத்துக்கு இடம் கொடுக்காது. திருப்புளி நுனியால் கிளப்பினாள். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம், வருடக்கணக்காக ஒட்டிக் கிடந்தது, சாம்பல் நிறத்தில் முழுசாகப் பெயர்ந்து வந்தது. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ரப்பர் உட்கார்ந்ததால் அழுத்தம் வந்ததும் வழுக்கிவிட்டது.

கொழுந்தன் வளையத்தைப் பார்த்தான், அண்ணனைப் பார்த்தான், சட்டையைப் பார்த்தான். "நான் கழட்டும்போதே பாத்திருக்கணும்," என்று முணுமுணுத்தான்.

"பெயிண்ட் அடிக்கக் கூடாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே," என்றார் புருஷன்.

"சொல்லியிருக்கலாம். நீங்க நின்ன நிலையைப் பாத்துட்டு வாய் வரலை."

"எஞ்சின் போயிருந்தா?"

"போயிருந்தா வாய் வந்திருக்கும்."

அவர் பெயிண்ட் கரைக்கும் தின்னர் டப்பாவை எடுத்து வந்து, அந்த வட்டத்தை மட்டும் பளிச்சென்று இரும்பு தெரியும்வரை துடைத்தார். அவள் விரலாலும் பார்த்தாள், நகத்தாலும் பார்த்தாள். கொழுந்தன் எண்ணெய் வாங்க ஓடினான். இருட்டுவதற்குள் முழு வேகத்தில் வைத்து ஓட்டியாயிற்று. ஃபில்டருக்கு அடியில் விரித்த வெள்ளைத்தாளில் ஒரு சொட்டுகூட விழவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அவள் நோயாளிகள் நடக்கும் பாதையோரமாக இடது பக்கம் திரும்பி வெட்டிக்கொண்டிருந்தபோது மேற்பார்வையாளர் வந்தார். வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். ஃபில்டர் எங்கே இருக்கிறது, ஏன் அங்கே இருக்கிறது என்பதெல்லாம் அவர் கண்ணில் படவில்லை.

"புது வண்டியே வாங்கிட்டீங்களாம்மா? பளபளன்னு இருக்கே. சரி சரி, இனிமே எனக்குக் கவலை இல்லை. அடுத்த வருஷமும் நீங்களே பாத்துக்குங்க."

மதியம் வீட்டுக்கு வந்ததும் அதைப் புருஷனிடம் சொன்னாள். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவர் கேட்டுக்கொண்டே போய் வெட்டுபிளேடு மூடியைக் குனிந்து பார்த்தார்.

"இதுக்கும் ஒரு கோட்டிங் குடுத்துட்டா..."

"நான் பக்கத்துல இருக்கும்போது மட்டும்," என்றாள்.