டெரிபிரேட் செய்த முத்துராமலிங்கம்

ராஜபாளையம் முத்துராமலிங்கம் பட்டாளத்திலிருந்து திரும்பும்போது டிரங்குப் பெட்டிக்குள் ஓர் ஆங்கில அகராதியும் கொண்டுவந்தார். ஆங்கிலேயரே கைகழுவிய சொற்களைத் தேடித் தத்தெடுப்பது அவர் வழக்கம். அவற்றில் செல்லப்பிள்ளை ‘டெரிபிரேட்’. துளை போடுவது என்று பொருள். பல் டாக்டர் பல்லை டெரிபிரேட் செய்கிறார் எனலாம். மாங்கொட்டையை வண்டு டெரிபிரேட் செய்கிறது எனலாம். கேட்கத்தான் ஆளில்லை.

அய்யனார் கோவில் போகும் வழியிலிருந்த அவருடைய தென்னந்தோப்பு கருகத் தொடங்கியபோது அந்தச் சொல்லுக்கும் வேலை வந்தது. கிணறு வற்றிவிட்டது. போர் போட்டால்தான் மரம் பிழைக்கும். ஆனால் அதை முன்கூட்டி வெளியே சொன்னால் கண்பட்டு ஊற்று ஓடிவிடும் என்பது எங்கள் பக்கத்து நிலவியல். ஆகவே வீட்டில் ‘போர்’ என்ற சொல் தடைசெய்யப்பட்டது.

“வெள்ளத்தாயி, வெள்ளிக்கிழம டெரிபிரேட். வெளிய மூச்சு விட்றாத.”

“விட்டாலும் எவளுக்கு வெளங்கப் போகுது?” என்றார் மனைவி.

புதன்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் பக்கத்துத் தோப்புக்காரர் வேலுசாமி அருகில் உட்கார்ந்தார். மருமகனின் சர்க்கரை, பால்கோவாவில் குறைந்துபோன நெய் என்று சகலமும் பேசினார்கள். தண்ணீரைப் பற்றி இருவரும் வாய் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சூடம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, போர் வண்டி துளைக்க ஆரம்பித்தது. சாயங்காலம்வரை வந்தது வெள்ளைப் புழுதி மட்டுமே. தென்னைகளுக்கும் வெள்ளத்தாய்க்கும் ஒரே நாளில் நரைத்துவிட்டது.

“அடிவரைக்கும் பாறைதான் சார்,” என்றார் வண்டிக்காரர். “திங்கக்கிழமை வேலிக்கு அந்தப் பக்கம் போட்டதுலயும் இதே புழுதிதான்.”

“அத மொதல்லயே சொல்றதுக்கு என்னவே?”

“இன்னொரு எடத்துல போடப் போறாராம். வெளிய தெரிஞ்சா கண்ணு பட்டுரும்னு அந்த ஐயா கும்பிட்டுக் கேட்டுக்கிட்டாரு.”

முத்துராமலிங்கம் உடனே போன் போட்டார். “ஏம்ப்பா வேலுசாமி, பஸ்ஸுல ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?”

“நீரு மட்டும் சொன்னீரோ மச்சான்?”

பேச்சு அத்துடன் முடிந்தது. வண்டி கிளம்பிப் போனது. மட்டை ஒன்று தானாகக் கழன்று விழுந்தது.

வெள்ளத்தாய் தலையிலிருந்த புழுதியைத் தட்டிக்கொண்டே கேட்டார்: “அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு சொன்னிய?”

“துளை போடுறது.”

“தண்ணி வரும்னு போட்டிருக்கா?”

முத்துராமலிங்கம் மனத்துக்குள் அகராதியைப் புரட்டினார். “இல்ல,” என்றார்.