தும்பிக்கையில் வைத்த மல்லிகை

ஒரு சிலை எந்த நிமிடத்தில் சாமி ஆகிறது? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

என் மகள் மும்பை செம்பூரில் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். அவள் பள்ளியில் இந்த வருடம் ஃபைபர் சிலைகள் வைத்தார்கள், குழந்தைகள் ஏறி விளையாட. கை கழுவும் இடத்தில் ராவணன். பத்துத் தலைக்குக் கீழே பத்துக் குழாய், எல்லா முகத்திலும் சோப்பு நுரை. கும்பகர்ணன் வாயைத் திறந்து தூங்குகிறான். வாய்க்குள் நுழைந்து காது வழியாக வெளியே வரலாம். நடுவில் நீச்சல் கண்ணாடி போட்ட பிள்ளையார். முதுகில் படி, தும்பிக்கைதான் சறுக்குமரம்.

திறப்புக்கு முதல் நாள் சிலைகளைப் பார்க்கப் பெற்றோரை அழைத்திருந்தார்கள். மகளோடு போனேன். மாட்டுங்கா மார்க்கெட்டில் வாங்கிய மல்லிகை என் பையில் இருந்தது. பிள்ளையாரைக் கண்டதும் கை சும்மா இருக்கவில்லை. கொஞ்சம் கிள்ளித் தும்பிக்கை மேல் வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அவ்வளவுதான் செய்தேன்.

மறுநாள் பக்கத்தில் அருகம்புல் இருந்தது. அதற்கு மறுநாள் குங்குமம், ஊதுவத்தி, இரண்டு மோதகம். மூன்றாம் நாள் வாட்ச்மேன் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுற்றிலும் கயிறு கட்டினார். குழந்தைகள் இன்டர்வெலில் வரிசையாக வந்து கும்பிட்டுவிட்டு, சறுக்காமலே வகுப்புக்குத் திரும்பினார்கள். கயிற்றை அவிழ்க்க எந்த டீச்சருக்கும் தைரியம் வரவில்லை.

"நீதானே முதல்ல பூ வெச்சே," என்றாள் மகள், ஆட்டோவில். "நீயே அவரைப் போகச் சொல்லு. நாங்க சறுக்கணும்."

பூவை எடுத்துவிட்டால் முடிந்தது என்றார் கணவர். எனக்கு முடியவில்லை. பூஜை நடந்த பிள்ளையார்மேல் குழந்தைகள் கால் வைத்தால், அந்தப் பாவம் யாருக்கு?

அப்போதுதான் சதுர்த்தி ஞாபகம் வந்தது. வீட்டில் மண் பிள்ளையாருக்குப் பூஜை முடிந்ததும் கொஞ்சம் வடக்கே நகர்த்துவோம். நகர்த்திவிட்டால் சாமி கிளம்பிவிட்டார் என்று அர்த்தம். பிறகு தண்ணீரில் கரைக்கலாம்.

மறுநாள் முதல் மணி அடிப்பதற்கு முன்பே போய், பூவையெல்லாம் எடுத்துவிட்டு, பிள்ளையாரை இரண்டு கையாலும் தள்ளினேன். அசையவில்லை. ஓடி வந்த வாட்ச்மேனிடம், பூ வைத்ததை விட்டுவிட்டு, வடக்கே நகர்த்துவதை மட்டும் எனக்குத் தெரிந்த இந்தியில் விளக்கினேன். அவர் தடியைக் கீழே வைத்துவிட்டுத் தானும் தள்ளினார். குங்குமக் கறையைத் துடைக்க வந்திருந்தாள், சிலைகளைச் செய்த இளம்பெண். சிரிப்பாள் என்று பயந்தேன். அவள் ஸ்பேனர் கொண்டுவந்து நாலு போல்ட்டையும் தளர்த்தினாள்.

"வடக்கு எந்தப் பக்கம்?" என்று மட்டும் இந்தியில் கேட்டாள்.

வாட்ச்மேன் கேன்டீனைக் காட்டினார். மூவரும் தள்ளினோம். ஒரு விரல் அகலம் நகர்ந்தது. போய்விட்டார் என்று சொல்லி, வாட்ச்மேனே கயிற்றை அவிழ்த்தார். அவள் போல்ட்டுகளை மறுபடி முடுக்கினாள்.

அன்று இன்டர்வெலில் முதலில் சறுக்கியது என் மகள்தான். மூன்றாவது தடவை தலைகீழாக வந்தாள். கேட்டுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்த நான், கன்னத்துக்குப் போன கையைப் பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

இப்போது ஹெட்மிஸ்ட்ரஸ் சர்க்குலர் அனுப்பியிருக்கிறார். முதலில் பூ வைத்தவர் தாமாகவே வந்து சொன்னால் நல்லது, தண்டிக்க அல்ல, பேசத்தான் என்கிறார். தினமும் தலை நிறையப் பூவோடு வரும் இன்னொரு அம்மாவைத்தான் எல்லோரும் சந்தேகப்படுகிறார்கள். அவர் சிரித்துவிட்டுப் போகிறார். எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை. சொன்னால் என் மகளை வகுப்பில் கிண்டல் செய்வார்களோ என்றும் பயம். இந்த வயதில் பிள்ளை வைத்திருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்: போய்ச் சொல்லட்டுமா? சொல்வதென்றால், அவளிடம் கேட்டுவிட்டுச் சொல்வதா, கேட்காமலா?