வலக்கைக்கு ஒரு கையுறை

"படிச்ச கை மரக்கறிப் பெட்டி தூக்காது, பிள்ளை. மார்கழி வரட்டும், நீயே உள்ளுக்கு ஓடி வந்திடுவாய்."

மாமா இதைச் சொன்னது ஐப்பசி மாதத்தில், லண்டன் டூட்டிங்கிலிருந்த தன் கடைக்குள், காஸ் ஹீட்டருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு. குளிரைப் பற்றிய ஆழ்ந்த கருத்துகள் எல்லாம் ஹீட்டருக்குப் பக்கத்தில்தான் பிறக்கின்றன என்பதைப் பின்னர் பல இடங்களில் கவனித்திருக்கிறேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைக் கடைசி வகுப்புவரை பார்த்த முதல் ஆள் நான். அம்மாவுக்குக் கையெழுத்துப் போடப் பழக்கியதும் நான்தான். இந்தத் தகுதிகளுக்கு ஏற்ற இடமாக மாமா எனக்கு நடைபாதையை ஒதுக்கியிருந்தார். கடைக்கு வெளியே நீளமான ஒரு மேசை, அதன்மேல் மரக்கறிகள், அதன் பின்னால் நான். காசுப் பெட்டி மாமியின் அரியணை. உள்ளே சாமான் அடுக்குவது மாமாவின் பொறுப்பு. அடுக்குகளோ எப்போதும் நிறைந்தே இருந்தன.

விடிய முன்னமே மரக்கறி ஏற்றிய வான் வந்துவிடும். ஈரப் பெட்டிகளை இறக்க வேண்டும். லீக்ஸை வாளித் தண்ணீரில் அலசி மண் போக்க வேண்டும். கறிவேப்பிலையைப் பிரித்துக் கட்டுக்கட்டாக வைக்க வேண்டும். பிறகு நாள் முழுதும், ஒட்டிக்கொண்டு பிரிய மறுக்கும் பொலித்தீன் பைகளின் வாயைத் திறக்க வேண்டும். லண்டன் குளிரில் ஒரு பொலித்தீன் பை காட்டும் பிடிவாதத்தை நான் வேறு எந்த உயிருள்ள பொருளிடமும் கண்டதில்லை, மாமாவைத் தவிர.

இந்த வேலையின் சம்பளத்தில்தான் நான் கல்லூரியில் கணக்கியல் படித்துக்கொண்டிருந்தேன். முதலாம் ஆண்டுப் பரீட்சை தை மாதம், பொங்கல் கழிந்த கையோடு. கார்த்திகை முடிவதற்குள் என் விரல்கள் சிவந்து வீங்கின. குளிரில் விறைத்துக் கிடந்தவை, வீட்டுக்குள் வந்ததும் நெருப்பில் வாட்டியது போல அரித்தன. கல்லூரியில் குறிப்பெடுக்கும்போது பேனை நழுவி விழுந்தது. டொக்டரிடம் போனேன். அவர் என் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கைகளைச் சூடாக வைத்திருக்கும்படி சொன்னார். இதைச் சொல்வதற்கு எவ்வளவு படித்திருப்பாரோ பாவம்.

வேலையை விட்டால் படிக்கக் காசில்லை. வேலையில் நின்றால் எழுத விரலில்லை. இடையில் இருந்தது ஒரு நல்ல கையுறை மட்டும். உலகத்தின் பாதியை ஆண்ட, வருடத்தில் பாதி குளிரில் நடுங்கும் ஒரு நாட்டின் தலைநகரத்தில் அது கிடைக்காமலா போகும் என்று நினைத்தேன்.

முதலில் மாமியின் அன்பு வந்தது. கம்பளிக் கையுறை, மேலே வெள்ளை நூலில் பனிப்பூ. லீக்ஸ் வாளிக்குள் ஒருமுறை போய் வந்ததும் அது கம்பளி உடுத்த ஐஸ் கட்டியாக மாறியது. அதற்கு மேலே பொலித்தீன் பையை மாட்டி ரப்பர் வளையம் போடச் சொன்னார் மாமி. போட்டுக்கொண்டு நின்றேன். நானும் ஒரு பக்கம் விற்பனைக்குக் கட்டி வைத்த மரக்கறி போலத் தெரிந்தேன். பாத்திரம் கழுவும் மஞ்சள் ரப்பர் கையுறை தண்ணீரை உள்ளே விடவில்லை; உள்ளே ஊறிய வியர்வையை வெளியேயும் விடவில்லை. ஸ்ட்ரெதமில் ஒரு பெரிய கடையில், மலிவு விற்பனையில், மெல்லிய தோல் கையுறை ஒன்றை வாங்கினேன். டாக்சியில் இருந்து இறங்கி, வேறு யாரோ திறக்கும் கதவுக்குள் நுழையும் பெண்களுக்காகச் செய்தது அது. முதல் மரவள்ளிப் பெட்டியோடு அதன் தையல் விட்டுப்போனது.

பெண்களுக்கு வேலைக் கையுறை இல்லையா என்று கேட்ட இடத்திலெல்லாம் தோட்டக் கையுறையைத்தான் காட்டினார்கள். எல்லாவற்றிலும் பூ அச்சிட்டிருந்தது. பெண்கள் ரோசாவைத் தவிர வேறெதையும் தூக்குவதில்லை என்று இந்த நாட்டில் யாரோ தீர்மானித்திருந்தார்கள்.

கடைசியில் ரயில் நிலையத்துக்குப் பின்னால், கட்டட வேலைக்காரருக்கு உடுப்பு விற்கும் ஒரு கடையில் அதைக் கண்டேன். இறைச்சியும் மீனும் உறைய வைக்கும் களஞ்சியங்களில் வேலை செய்கிறவர்கள் போடுவது. உள்ளே தடித்த பஞ்சு, உள்ளங்கையில் ரப்பர். இருந்ததில் சின்ன அளவைக் கேட்டேன். கணவருக்கென்றால் அவருடைய கை அளவைச் சரியாகத் தெரிந்துகொண்டு வருவது நல்லது என்று கடைக்காரர் அறிவுரை சொன்னார். அவருடைய கை அப்படியே என் கை அளவுதான் என்று சொல்லி, போட்டுப் பார்த்தேன். கலியாணம் ஆகாத எனக்கு இவ்வளவு பொருத்தமான கணவர் இனிக் கிடைப்பது கடினம். கொஞ்சம் பெரிதாகத்தான் இருந்தது. உள்ளே ஒரு மெல்லிய பருத்திக் கையுறை போட்டதும் சரியாயிற்று.

மறுநாள் விடிகாலையில் என் கைகள் சூடாக இருந்தன. பெட்டி தூக்கினேன், லீக்ஸ் அலசினேன், மாமாவை ஒரு பார்வை பார்த்தேன். பிறகு முதல் வாடிக்கையாளர் வந்தார். பொலித்தீன் பையைத் திறக்க முடியவில்லை. கறிவேப்பிலைக் காம்பு பிடிபடவில்லை. காசு விரலிடுக்கால் நழுவி வாளிக்குள் விழுந்தது. கை இருந்தது, விரல்கள் இல்லை.

படித்தவள் அல்லவா, யோசித்தேன். பரீட்சை எழுதப்போவது வலக்கை. ஆகவே காப்பாற்ற வேண்டியது வலக்கை. இடக்கை சும்மா கூட வந்ததுதானே. வலக்கைக் கையுறையைக் கழற்றுவதில்லை, இடக்கையை வெறுமையாக விட்டு அதனால் பை திறப்பது, பொறுக்குவது, கொடுப்பது என்று முடிவு செய்தேன். கணக்கியலில் இதற்குப் பெயர் செலவைச் சரியான இடத்தில் எழுதுவது. வேலை தடங்கலில்லாமல் ஓடியது. வெள்ளைக்கார வாடிக்கையாளர்களுக்கு நான் எந்தக் கையால் கொடுத்தால் என்ன? நம்மவர்களோ லீக்ஸும் தக்காளியும் வாங்கிய நாட்களில் முகத்தைச் சுளித்துக்கொண்டு பேசாமல் போனார்கள். அந்தச் சுளிப்பைக் குளிரின் கணக்கில் எழுதிவிட்டேன்.

பொங்கலுக்கு முதல் நாள் வந்தது. மேசை நிறையக் கரும்பு, இஞ்சி, மஞ்சள் கொத்து, வெற்றிலை. சேலைக்கு மேலே முழங்கால்வரை கோட்டும், செருப்புக்குள் தடித்த காலுறையுமாக, ஸ்ட்ரெதமில் இருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் வரும் அம்மா ஒருவர் வெற்றிலை கேட்டார். எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"என்ன பிள்ளை இது? பொங்கலுக்கு வாங்கிற வெத்திலையை இடக்கையால தாறீர்?"

வலக்கை பரீட்சைக்காக ஓய்வெடுக்கிறது என்று விளக்கினேன். அது உதவவில்லை. ஊரில் ஒருவரும் சோதனை எழுதவில்லையோ என்று கேட்டார். பின்னால் நின்றவர்களும் தங்கள் வெற்றிலையை மெதுவாகத் திருப்பி வைத்தார்கள். போர், கடல், விசா எல்லாவற்றையும் தாண்டி வந்தவர்கள், என் இடக்கையைத் தாண்ட மறுத்தார்கள்.

மாமா ஹீட்டரை விட்டு வெளியே வந்தார். அதுவே ஒரு செய்தி.

"வலக்கையால குடுக்க ஏலாதெண்டால் உள்ளுக்குப் போ பிள்ளை. நான் வேற ஆளைப் பாக்கிறன்."

"குடுக்கிறன் மாமா," என்றேன்.

உள்ளே போனால் என் இடத்தில் வேறொருவர் நிற்பார், சம்பளமும் அவருக்கே போகும், மார்கழியைப் பற்றி மாமா சொன்னதும் மார்கழியின் கடைசி நாளில் பலித்துவிடும். கையுறையைக் கழற்றினால், பொங்கல் கூட்டம் கலையும்போது என் வலக்கையில் பேனை பிடிக்கும் விரல் ஒன்றும் மிஞ்சாது. ஆகவே இடக்கையால் வெற்றிலையை எடுத்து, பைக்குள் போட்டு, கையுறை போட்ட வலது உள்ளங்கையில் தாம்பாளத்தில் வைப்பது போல வைத்தேன். வலக்கையை நீட்டி, இடக்கை விரல்களால் வலது முழங்கையைத் தொட்டு, தலையையும் சற்றுக் குனிந்து கொடுத்தேன். கோயிலில்கூட நான் இவ்வளவு பணிவாக நின்றதில்லை.

ஸ்ட்ரெதம் அம்மாவின் முகம் மலர்ந்தது. பின்னால் நின்றவரிடம் திரும்பினார்.

"பாத்தீங்களோ, சொன்னவுடன கேக்குது. படிச்ச பிள்ளை எண்டாலும் என்ன பணிவு."

வலக்கை ஒரு வேலையும் செய்யாமல் நீட்டிக்கொண்டு நிற்பதற்குப் பெயர் பணிவு என்று அன்று அறிந்தேன். வேலையெல்லாம் இடக்கை செய்தது. பாராட்டு வலக்கைக்குப் போனது. குடும்பத்திலும் கடையிலும் இந்த ஏற்பாடு எனக்குப் புதிதல்ல என்பதால் மனம் நோகவில்லை. அன்று மாலைக்குள் மேசையில் ஒரு வெற்றிலைகூட மிஞ்சவில்லை. ஒருவர் தன் மகனுக்குப் பெண் பார்ப்பதாகச் சொல்லி, என் ஊரை மாமியிடம் விசாரித்துவிட்டும் போனார்.

பரீட்சை மண்டபத்தில் என் இடக்கை பழுத்த மிளகாய் போலச் சிவந்து, விடைத்தாளின் மேல் கனமாகக் கிடந்தது. மேற்பார்வைக்கு நின்ற பெண் அதைப் பார்த்துவிட்டு, எழுத முடியுமா என்று இரக்கத்தோடு கேட்டார். மற்றக் கையைத் தூக்கிக் காட்டினேன். அது இளவரசியின் கை போல இருந்தது. நேரம் முடியும்வரை நிறுத்தாமல் எழுதியது.

பரீட்சையில் சித்தி பெற்றேன். அதுவும் நல்ல சித்தி. மாமா அந்தச் செய்தியைக் கடைக்கு வந்த எல்லோருக்கும் தானே சொன்னார். வெளி மேசையில் நிறுத்தி உறுதியாக வளர்த்ததால்தான் பிள்ளைக்கு இது முடிந்தது என்பது அவருடைய கருத்து. அப்போது கோடை. ஹீட்டர் அணைந்திருந்தது. அவரோ பழக்க தோசத்தில் அதன் பக்கத்திலேயே நின்றார்.

ஆடி மாதத்தில் ஒரு நாள், ஈ ஓட்டிக்கொண்டு நின்ற என்னிடம் வந்தார்.

"வாற மாரிக் குளிர் கடுமையாம் எண்டு சொல்லுகினம். அதுக்கும் நிப்பியோ, இல்லாட்டி நான் ஆள் பாக்கட்டோ?"

நிற்பேன் என்று மட்டும் சொன்னேன். கல்லூரியில் இரண்டாம் ஆண்டுக்கு முந்தின வாரமே பதிந்துவிட்டேன். அதே நாள் ரயில் நிலையத்துக்குப் பின்னாலிருந்த கடைக்கும் போயிருந்தேன். வெயிலில் வேர்த்துக்கொண்டு உறைகளஞ்சியக் கையுறை கேட்ட என்னைப் பார்த்து, கணவர் நலமா என்று கடைக்காரர் விசாரித்தார். நலம், இந்த வருடம் அவருக்கு இடக்கையும் வேலை செய்கிறது என்றேன். வீட்டுக்கு வந்து மாமியின் கத்தரிக்கோலை எடுத்து, புதுச் சோடியின் இடது கையுறையில் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நுனியை வெட்டி, பஞ்சு வெளியே வராமல் ஓரத்தைத் தைத்து, போட்டுப் பார்த்தேன். ஒரு பொலித்தீன் பையை எடுத்தேன். முதல் தடவையிலேயே திறந்தது.