பிரிஸ்கில்லாவின் இடுப்பில் பீஸ் கட்டை

உத்திரமேரூர்ப் பக்கத்தில் யார் கிணற்று மோட்டார் மக்கர் செய்தாலும் பெஞ்சமினைத்தான் கூப்பிடுவார்கள். அவன் தனியாகப் போகமாட்டான். மேலே கயிறு பிடிக்க மனைவி பிரிஸ்கில்லா வேண்டும். முதலில் சுவிட்ச் இருக்கும் கொட்டகைக்குப் போய்ப் பீஸ் கட்டையைப் பிடுங்கி அவளிடம் கொடுப்பான். அவள் இடுப்பில் சொருகிக்கொள்வாள். கட்டை அவளிடம் இருக்கும்வரை மோட்டாருக்குக் கரண்ட் போகாது. ஏறி வந்ததும் கை நீட்டிக் கேட்டு வாங்கிக்கொள்வான். "எம் உசுரே உன் இடுப்புலதான் கீது" என்று கேலி வேறு. அவளுக்கு அதில் அத்தனை பெருமை.

நிலக்காரர் பாண்டுரங்கன் தன் கிணற்று மோட்டாருக்குப் புதிதாக ஒரு பெட்டி மாட்டியிருந்தார். கரண்ட் வந்தால் மோட்டார் தானாக ஓடும்; வேண்டாமென்றால் போனிலேயே நிறுத்தலாம். அது மக்கர் செய்து பெஞ்சமினைக் கூப்பிட்ட அன்றைக்கு நல்ல மழை. கொட்டகை வரப்புக்கு அந்தாண்டை, முழங்கால் சேற்றைத் தாண்டி. கரண்டும் இல்லை.

"அவ்ளோ தூரம் இன்னாத்துக்குப் போற? இங்கயே ஆஃப் பண்ட்டேன் பாரு" என்று போனை நீட்டினார். திரையில் 'ஆஃப்' என்று சிவப்பாக இருந்தது.

"யோவ், கட்டை எங்கய்யா?" என்றாள் பிரிஸ்கில்லா.

"ஐயா சொல்றாரில்ல, கம்முனு கயித்தப் புடி" என்றான் பெஞ்சமின். நிலக்காரரை எதிர்த்துப் பேசி அவனுக்குப் பழக்கமில்லை. பாழாய்ப்போன மரியாதை!

கிணற்றடியில் டவர் எடுக்காது. சிக்னல் போய்விட்டதைக் கண்டுபிடித்து 'இணைப்பு இல்லை' என்று சொல்லவேண்டிய செயலி வாயே திறக்கவில்லை. அவர் அமுக்கியதும் ஆஃப் என்று காட்டிவிட்டது, அவ்வளவுதான். அந்தக் கட்டளை போனைவிட்டு வெளியே போகவேயில்லை.

பெஞ்சமின் இடுப்பளவு தண்ணீரில் நின்று பைப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது கரண்ட் வந்தது. மோட்டார் உறுமியது. தண்ணீருக்குள் கிடந்த வயர் நைந்துபோன வயர். அவள் கையிலிருந்த கயிறு வெடுக்கென்று இழுத்தது.

"ஐயோ, நிறுத்துங்கய்யா!"

பாண்டுரங்கன் போனை அமுக்கு அமுக்கென்று அமுக்கினார். அது ஆஃப் என்றே சாதித்தது. பிரிஸ்கில்லா கயிற்றை அவரிடம் திணித்துவிட்டுச் சேற்றில் விழுந்தெழுந்து ஓடிக் கட்டையைப் பிடுங்கினாள். பழக்கதோஷம், இடுப்பில் சொருகிக்கொண்டுதான் திரும்பி ஓடி வந்தாள். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வேன் ரோட்டில் ஏறியபிறகுதான் பாண்டுரங்கனின் போனுக்கு டவர் கிடைத்தது. 'மோட்டார் ஓடத் தொடங்கியது' என்று இப்போது சொன்னது, சனியன்.

அடக்கம் முடிந்து சில வாரம் கழித்து, பயிர் காய்கிறதென்று பாண்டுரங்கன் வாசலில் வந்து தயங்கி நின்றார். "அந்தக் கட்டை உங்கிட்டதான கீது பிரிஸ்கில்லா?"

அவள் கை இடுப்புக்குப் போனது. எடுக்கவில்லை.

"அவுரு ஏறி வந்து கேக்கட்டும், தரேன்."